ஒரே எடை, இரண்டு பெயர்: சூப்பர் வெல்டரும் ஜூனியர் மிடிலும்

2022 மே 14 இரவு, கலிஃபோர்னியாவின் கார்சன் நகரில் நடந்த குத்துச்சண்டையில், ஜெர்மெல் சார்லோ பத்தாவது சுற்றில் பிரையன் காஸ்டான்யோவை வீழ்த்தினார். பத்து மாதம் முன்பு சான் அன்டோனியோவில் இருவரும் மோதிய போட்டி சமனில் முடிந்திருந்தது. இந்த முறை தீர்ப்புக்கு நடுவர்கள் தேவைப்படவில்லை. அந்த எடையில் உலகம் மதிக்கும் நான்கு பட்டங்களும் ஒருவர் கைக்கு வந்தன. அவற்றில் டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ. என்ற இரண்டு அமைப்புகள் அவரை 'சூப்பர் வெல்டர்வெயிட்' சாம்பியன் என்றன. ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்ற மற்ற இரண்டும் 'ஜூனியர் மிடில்வெயிட்' சாம்பியன் என்றன. வரம்பு நான்கிலும் ஒன்றுதான்: 154 பவுண்டு, அதாவது 69.85 கிலோ.

குத்துச்சண்டையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது. எடையில் வித்தியாசம் கிடையாது. 147 பவுண்டு வரை வெல்டர்வெயிட், 160 வரை மிடில்வெயிட். நடுவில் 154-ல் ஒரு கோடு போட்டார்கள். கீழிருந்து பார்ப்பவருக்கு அது வெல்டரைத் தாண்டிய இடம், ஆகவே சூப்பர் வெல்டர். மேலிருந்து பார்ப்பவருக்கு மிடிலை எட்டாத இடம், ஆகவே ஜூனியர் மிடில். துவாக்குடியைத் திருச்சிக்கு அப்பால் என்றும் சொல்லலாம், தஞ்சாவூருக்கு முன்னால் என்றும் சொல்லலாம், ஊர் நகர்வதில்லை. இதே கதை வேறு இடங்களிலும் உண்டு. 140 பவுண்டை சூப்பர் லைட் என்றும் ஜூனியர் வெல்டர் என்றும் சொல்கிறார்கள். 130 பவுண்டு சூப்பர் ஃபெதர், அல்லது ஜூனியர் லைட். 122 சூப்பர் பேன்டம், அல்லது ஜூனியர் ஃபெதர். 115 சூப்பர் ஃபிளை, அல்லது ஜூனியர் பேன்டம்.

அகராதி விளக்கம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் ஒரே உடலுக்கு இரண்டு பெயர் எப்படி வந்தது, அந்தப் பெயர்களை வைக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று தேடினால், இந்த விளையாட்டு யாருக்காக நடத்தப்படுகிறது என்ற கேள்விக்குப் போய்ச் சேர்கிறோம்.

1909-ல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைப் பிரிவுகளை வகுத்தது. ஃபிளை 112, பேன்டம் 118, ஃபெதர் 126, லைட் 135, வெல்டர் 147, மிடில் 160, லைட் ஹெவி 175, அதற்கு மேல் வரம்பில்லாத ஹெவி. அதற்கு முன்பு எடை வரம்பு என்பது பெருமளவு சாம்பியனின் வசதியைப் பொறுத்தது. அவர் ஏறினால் வரம்பும் ஏறும். எட்டுப் பிரிவும் எட்டு சாம்பியன்களும் என்ற ஒழுங்கைப் பழைய ரசிகர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுவார்கள். அந்த ஒழுங்கில் தெளிவு இருந்தது உண்மை. நியாயம் இருந்ததா என்பதை இடைவெளிகளைக் கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஃபிளைக்கும் பேன்டமுக்கும் நடுவே 6 பவுண்டு. கீழ்ப் பிரிவின் எடையில் அது 5.4 விழுக்காடு. லைட்டுக்கும் வெல்டருக்கும் நடுவே 12 பவுண்டு, 8.9 விழுக்காடு. வெல்டருக்கும் மிடிலுக்கும் நடுவே 13 பவுண்டு, 8.8 விழுக்காடு. மிடிலுக்கும் லைட் ஹெவிக்கும் நடுவே 15 பவுண்டு, 9.4 விழுக்காடு. ஆக, 150 பவுண்டு உடல்வாகுள்ள ஒருவருக்கு 1909-ன் பட்டியலில் சரியான இடமே இல்லை. பட்டினி கிடந்து 147-க்கு இறங்க வேண்டும், அல்லது தன்னைவிட 10 பவுண்டு கனமான ஆளின் குத்தை வாங்க வேண்டும். சராசரி ஆண்களில் மிகப் பலர் இந்த நடு எடைகளில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இடைப் பிரிவு தேவைப்பட்டது ஏன் என்று புரியும். பெயரைச் சுற்றி எத்தனை வியாபாரம் நடந்திருந்தாலும், 154-ல் போட்ட கோடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

'ஜூனியர்' முதலில் வந்தது. 1920-ல் நியூயார்க் மாநிலம் குத்துச்சண்டையை முறைப்படுத்தி ஒரு சட்டம் இயற்றியது. அதைக் கொண்டுவந்த ஜேம்ஸ் வாக்கர் பின்னாளில் நியூயார்க் நகர மேயரானார். சட்டமும் வாக்கர் சட்டம் என்றே அறியப்பட்டது. அதில் பழைய எட்டோடு ஜூனியர் பிரிவுகளும் இடம்பெற்றன. மறு ஆண்டு நவம்பரில் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஜானி டண்டி, ஜார்ஜ் சேனியை வென்று முதல் ஜூனியர் லைட்வெயிட் சாம்பியனானார். வென்ற விதம் எதிராளியின் தகுதி நீக்கம். அணிவித்த பெல்ட்டை வழங்கியவர் போட்டி ஏற்பாட்டாளர் டெக்ஸ் ரிக்கார்ட். 1922-ல் முதல் ஜூனியர் வெல்டர்வெயிட் சாம்பியனாக அறிவிக்கப்பட்ட பிங்கி மிட்செல் அந்தப் பட்டத்துக்காக ரிங்கில் யாரையும் வெல்லவில்லை. மினியாபொலிஸிலிருந்து வந்த 'பாக்ஸிங் பிளேடு' என்ற பத்திரிகை வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது; அதில் வென்றார்.

இந்த இரண்டு தொடக்கங்களையும் கவனிக்க வேண்டும். ஒரு பட்டம் ஏற்பாட்டாளரின் பரிசாகவும், இன்னொன்று பத்திரிகையின் வாக்கெடுப்பாகவும் பிறந்தது. உடலுக்கு நியாயம் செய்ய ஒரு பிரிவு தேவைப்பட்டது. அந்தத் தேவையை முதலில் கையில் எடுத்தவர்கள் டிக்கெட் விற்பவர்களும் இதழ் விற்பவர்களும். அதனால் ஜூனியர் பட்டங்கள் மேல் ஓர் ஐயம் படிந்துவிட்டது. டோனி கான்சொனேரி, பார்னி ராஸ் போன்ற பெரிய வீரர்கள் 140 பவுண்டுப் பட்டத்தை வைத்திருந்தும் அது தனியாக மதிப்புப் பெறவில்லை. ராஸ் 1935-ல் அதைக் கைவிட்டபோது, 1946 வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது. 130 பவுண்டுப் பட்டத்துக்கும் ஏறக்குறைய அதே கதிதான். இரண்டும் நிலையாக உயிர்பெற்றது 1959-ல்.

154 பவுண்டு இன்னும் தாமதமாக வந்தது. நேஷனல் பாக்ஸிங் அசோசியேஷன் 1962-ல் டபிள்யூ.பி.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 20-ல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் டென்னி மோயர், ஜோயி ஜியாம்ப்ராவை வென்று அந்த அமைப்பின் முதல் ஜூனியர் மிடில்வெயிட் சாம்பியனானார். நான்கு ஆண்டுகளுக்குள் இந்தப் பிரிவு தன் தகுதியை நிரூபித்தது. இத்தாலியின் நினோ பென்வெனுட்டியை 1966 ஜூன் 25-ல் சியோலில் தோற்கடித்த கிம் கி-சூ, தென்கொரியாவின் முதல் உலகச் சாம்பியனானார். 1971-ல் ஜப்பானின் கொய்ச்சி வாஜிமா அதே பட்டத்தைப் பிடித்தார். எட்டே பிரிவுகள் இருந்திருந்தால் இவர்கள் அமெரிக்க மிடில்வெயிட்களிடம் எடையால் அமுங்கியிருக்கலாம். ஒரு நாட்டின் உலகப் பட்ட வரலாறே தொடங்குவதற்கு இந்த 154 இடம் கொடுத்தது. 'ஜூனியர்' என்ற சொல் ஏதோ இளையோர் போட்டி போலக் காதில் விழுவதால் அந்த வெற்றிகளைக் குறைத்து எடைபோடுபவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையற்ற கணக்கு.

1963-ல் மெக்சிகோ நகரில் டபிள்யூ.பி.சி. உருவானது. இரண்டு அமைப்புகள் வந்தபின் ஒவ்வொரு எடைக்கும் இரண்டு சாம்பியன்கள் வரும் வழி திறந்தது. டபிள்யூ.பி.சி. இடைப் பிரிவுகளுக்கு 'சூப்பர்' என்ற முன்னொட்டைப் பிடித்துக்கொண்டது, டபிள்யூ.பி.ஏ. 'ஜூனியர்' என்பதிலேயே நின்றது. விளம்பரத்தில் எது எடுப்பாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதைவிட முக்கியமானது வேறொன்று. பெயர் மாறியதும் இரண்டு பட்டங்களும் இரண்டு வேறு உலகங்கள் போலத் தோன்றத் தொடங்கின.

அதன் விளைவை 1984 ஜூன் 15-ல் லாஸ் வேகஸில் பார்த்தோம். தாமஸ் ஹெர்ன்ஸ் 1982 டிசம்பரில் வில்ஃப்ரெட் பெனிட்டெஸை வென்று டபிள்யூ.பி.சி.யின் சூப்பர் வெல்டர் சாம்பியன் ஆகியிருந்தார். ராபர்டோ டுரான் 1983 ஜூனில் டேவி மூரை அடித்து வீழ்த்தி டபிள்யூ.பி.ஏ.யின் ஜூனியர் மிடில் சாம்பியன் ஆகியிருந்தார். ஒரே 154 பவுண்டு, இரண்டு சாம்பியன்கள், இருவரும் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த வீரர்கள். மோதினால் ஒரே சாம்பியன் மிஞ்ச வேண்டும். ஆனால் டுரான் முதலில் மைக் மெக்கல்லமைத்தான் சந்திக்க வேண்டும் என்று சொல்லி, டபிள்யூ.பி.ஏ. தன் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. இரண்டாவது சுற்றில் ஹெர்ன்ஸின் வலக்கை டுரானை முகம் குப்புறத் தரையில் சாய்த்தது. பார்த்தவர் எவருக்கும் அந்த எடையில் யார் சாம்பியன் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஜூனியர் மிடில் பட்டம் 'காலி' என்று வைக்கப்பட்டு, சில மாதங்களில் மெக்கல்லம் அதற்கு உரியவரானார். மெக்கல்லம் மிகச் சிறந்த வீரர். அவர் மேல் குறையில்லை. ரிங்கில் தீர்ந்த ஒரு கேள்வியை ஓர் அமைப்பு தன் காகிதத்தில் மீண்டும் திறந்து வைக்க முடிந்தது என்பதே குறை.

1983-ல் ஐ.பி.எஃப்., 1988-ல் டபிள்யூ.பி.ஓ. வந்தன. இரண்டும் 'ஜூனியர்' வழியை எடுத்தன. பின்னாளில் டபிள்யூ.பி.ஏ. 'சூப்பர்' பக்கம் போனது. அப்படித்தான் இன்றைய இரண்டுக்கு இரண்டு என்ற பிளவு. இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். டபிள்யூ.பி.ஏ. ஒரே பிரிவுக்குள் தன் முதன்மைச் சாம்பியனையும் 'சூப்பர் சாம்பியன்' என்று அழைக்கிறது. அங்கே 'சூப்பர்' என்றால் எடை அல்ல, பதவி. ஒரே அமைப்பின் 154 பவுண்டு முதன்மைச் சாம்பியனுக்கு இந்தச் சொல் இரண்டு பொருளில் இரண்டு முறை ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு பெயர்முறைகளும் தமக்குள் முழுமையானவை அல்ல. 168 பவுண்டை எல்லோரும் சூப்பர் மிடில் என்றே சொல்கிறார்கள். அதற்கு மேலே இருப்பது லைட் ஹெவி. 'ஜூனியர் லைட் ஹெவி' என்ற தொடரை வாய் ஏற்காது. 108 பவுண்டை 1975-ல் தொடங்கியபோது அதற்குக் கீழே பிரிவே இல்லை. கீழே ஒன்று இல்லாமல் எதன் 'சூப்பர்' என்று சொல்வது? அதனால் டபிள்யூ.பி.சி.கூட அங்கே 'லைட் ஃபிளை' என்று கீழ்நோக்கிய பெயரையே வைத்தது. 2020-ல் அதே அமைப்பு 200-க்கும் 224-க்கும் நடுவே 'பிரிட்ஜர்வெயிட்' என்று ஒன்றை உருவாக்கியது. நாயிடமிருந்து தங்கையைக் காப்பாற்றிய ஆறு வயது அமெரிக்கச் சிறுவன் பிரிட்ஜர் வாக்கரின் பெயர் அது. அந்தச் சிறுவன் எல்லாப் பாராட்டுக்கும் உரியவன். ஆனால் எடைப் பிரிவின் பெயர் எடையைப் பற்றி எதையும் சொல்ல வேண்டிய கடமையிலிருந்தே விடுபட்டுவிட்டது என்பதற்கும் அது சான்று. பயிற்சிக் கூடங்களில் பலரும் 'ஒன்-ஃபிஃப்டி-ஃபோர்', 'ஒன்-ஃபார்ட்டி' என்று எண்ணைச் சொல்லியே பேசுவது இதனால்தான். நம் விளையாட்டுச் செய்திகளிலும் எண்ணை முதலில் எழுதும் பழக்கம் வந்தால் வாசகருக்குப் பெரிய உதவி.

இன்று எடைப் பிரிவுகள் 17, பிரிட்ஜர் சேராமல். நான்கு அமைப்புகள். பெருக்கினால் 68 உலகப் பட்டங்கள். ஒவ்வொரு பட்டப் போட்டிக்கும் வீரரின் ஊதியத்தில் ஒரு பங்கு அமைப்புக்குக் கட்டணமாகப் போகிறது. பிரிவு கூடினால் வருவாய் கூடும். நடு எடைகளில் இடைவெளியைக் குறைத்தது நியாயம் என்று மேலே சொன்னேன். அதே அளவுகோலைக் கீழே வைத்துப் பார்த்தால் முடிவு மாறுகிறது. 112-க்கும் 118-க்கும் நடுவில் 115 என்ற கோடு. 3 பவுண்டு என்பது 1.36 கிலோ, ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு செம்புத் தண்ணீரும் சேர்ந்தால் அந்த எடை வந்துவிடும். தாய்லாந்தின் காவோசாய் கேலக்ஸி அந்த 115-ல் 19 முறை பட்டத்தைக் காத்து 1991-ல் ஓய்வு பெற்றதை நான் மறக்கவில்லை. அவருடைய இடக்கைக்கு எந்தப் பிரிவிலும் மதிப்பு இருந்திருக்கும். 108-ம் 105-ம் வேறு வகை. அவை ஃபிளைக்குக் கீழே கதவைத் திறந்தன. ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் சிறிய உடலோடு பிறந்த வீரர்களுக்கு முன்பு இல்லாத இடத்தைத் தந்தன. அவை இருக்கத்தான் வேண்டும்.

பிரிவுகள் பெருகியபோது சாதனைகளின் அர்த்தமும் மாறியது. 1938-ல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஃபெதர், லைட், வெல்டர் என்ற மூன்று பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார். இருந்த எட்டில் மூன்று. மேனி பாக்கியாவ் எட்டு எடைகளில் பட்டம் வென்றவர். அவற்றில் 122, 130, 140, 154 ஆகிய நான்கும் இடைப் பிரிவுகள். 1909-ன் பட்டியலை வைத்தால் அவருக்கு மிஞ்சுவது ஃபிளை, ஃபெதர், லைட், வெல்டர் என்ற நான்கு. 112-ல் தொடங்கி 147-ல் உலகின் சிறந்தவர்களை வீழ்த்தியவருக்கு அந்த நான்கே போதும். அவர் பெருமை எண்ணிக்கையைச் சார்ந்தது அல்ல.

அவருடைய எட்டாவது பட்டம்தான் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. 2010 நவம்பர் 13-ல் டெக்சஸில் அன்டோனியோ மார்கரிட்டோவுடன் மோதினார். டபிள்யூ.பி.சி.யின் சூப்பர் வெல்டர் பட்டம், 154 பவுண்டு. ஆனால் இருவரும் 150-ஐத் தாண்டக் கூடாது என்று தனி ஒப்பந்தம். எடை பார்த்தபோது பாக்கியாவ் 144.6 பவுண்டு. வெல்டர்வெயிட் வரம்பான 147-ஐயே அவர் தொடவில்லை; வெல்டரைத் தாண்டியவருக்கான பட்டத்தை வென்றார். உயரமான மார்கரிட்டோ கண்குழி எலும்பு உடைந்து மருத்துவமனைக்குப் போனார். சூப்பர் வெல்டர் என்ற பெயர் அந்த இரவு யாருடைய உடலைக் குறித்தது? வென்றவரின் உடலை நிச்சயமாக இல்லை.

பெயர்ச் சண்டையைவிட எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். 154 என்பது எப்போது அளந்த 154? தொழில்முறைப் போட்டிகளில் எடை பார்ப்பது முந்தைய நாள். தராசில் ஏறுவதற்காக உடலின் தண்ணீரை வியர்வையாக வெளியேற்றுவார்கள். இறங்கியதும் குடித்தும் உண்டும் மீட்பார்கள். 2000 பிப்ரவரி 26-ல் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆர்துரோ காட்டியும் ஜோயி கமாஷும் 141 பவுண்டு ஒப்பந்தத்தில் மோதினார்கள். போட்டி இரவில் தொலைக்காட்சிக் குழு எடுத்த அளவுப்படி கமாஷ் 145 பவுண்டு, காட்டி 160. ஒரு நாளில் 19 பவுண்டு, 8.6 கிலோ. ஒப்பந்தப்படி இருவரும் ஏறக்குறைய ஜூனியர் வெல்டர்கள். ரிங்கில் ஒருவர் மிடில்வெயிட் வரம்பில் நின்றார். இரண்டாவது சுற்றில் கமாஷ் நினைவிழந்து விழுந்தார். மூளைக் காயத்தோடு அவருடைய குத்துச்சண்டை வாழ்க்கை முடிந்தது. 7 பவுண்டு வித்தியாசத்துக்காக உருவாக்கிய பிரிவை 19 பவுண்டு ஏற்றம் விழுங்கிவிடுகிறது என்றால், அந்தப் பிரிவு யாரைக் காக்கிறது?

ஒலிம்பிக் வழியில் வந்த அமெச்சூர் குத்துச்சண்டை இந்த விஷயத்தில் கடுமையானது. போட்டியிடும் ஒவ்வொரு நாளும் எடை பார்க்க வேண்டும். அங்கே இடைப் பிரிவின் பெயரும் மூன்றாவது ஒன்று: 'லைட்'. 1952 ஹெல்சிங்கியில் லைட் வெல்டரும் லைட் மிடிலும் சேர்க்கப்பட்டன. ஹங்கேரியின் லாஸ்லோ பாப் 1952-லும் 1956-லும் தங்கம் வென்றது அந்த லைட் மிடிலில், 71 கிலோவில். பிறகு பிரிவுகளைக் கலைத்து அடுக்கியபோது 71 கிலோ மறைந்து, 69 கிலோவுக்கு வெல்டர் என்ற பெயர் போனது. டோக்கியோவில் அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் வெண்கலம் வென்ற வெல்டர்வெயிட் அந்த 69 கிலோ. பவுண்டில் அது 152. தொழில்முறைக் கணக்கில் 147-ஐத் தாண்டியதால் அவர் வெல்டர் இல்லை. சூப்பர் வெல்டர், அல்லது ஜூனியர் மிடில். அவர் அந்த எடையை நிறுத்திக் காட்ட வேண்டியிருந்தது போட்டி நாள் காலையில்.

அன்றன்று எடை பார்ப்பதில் கொடுமை இல்லை என்று சொல்ல மாட்டேன். மல்யுத்தத்தில் வினேஷ் போகாட் 2024-ல் பாரிஸ் இறுதிப்போட்டியன்று காலை 100 கிராமுக்காகத் தகுதியிழந்ததை இந்தியாவே பார்த்தது. அந்த விதியை அப்படியே தொழில்முறைக்குக் கொண்டுவந்தால், தண்ணீர் வற்றிய உடலோடு பன்னிரண்டு சுற்று ஆட முயல்பவர்கள் வருவார்கள். அது இன்னும் ஆபத்து. நடுவழி ஒன்று இருக்கிறது, அதை ஐ.பி.எஃப். நடைமுறையில் வைத்திருக்கிறது. முந்தைய நாள் எடை பார்த்தபின், போட்டி நாள் காலையில் மீண்டும் தராசில் ஏற வேண்டும். வரம்புக்கு மேல் 10 பவுண்டைத் தாண்டக் கூடாது. 154-க்கு அது 164; மிடில்வெயிட் வரம்பையே கடந்த எண் என்பதால் தாராளம்தான். இருந்தும் ஒரு கூரை இருக்கிறது. மற்ற அமைப்புகளும் இதை, இன்னும் இறுக்கி, ஏற்க வேண்டும் என்பதே என் வாதம்.

2017 மார்ச் 18-ல் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் மிடில்வெயிட் சாம்பியன் கென்னடி கொலோவ்கினை டேனியல் ஜேக்கப்ஸ் சந்தித்தார். அன்று காலை ஐ.பி.எஃப். தராசுக்கு ஜேக்கப்ஸ் வரவில்லை. வந்து 170 பவுண்டுக்குள் நிற்பதைவிட, அந்த ஒரு பெல்ட்டை வெல்லும் உரிமையை விட்டுக்கொடுப்பது மேல் என்று முடிவெடுத்தார். பன்னிரண்டு சுற்றும் நெருக்கமாக ஆடி, நடுவர்களின் மதிப்பெண்ணில் தோற்றார். கொலோவ்கின் வைத்திருந்த டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி. பட்டங்களுக்கு அவர் முழுத் தகுதியோடு போட்டியிட்டார்; அன்று காலை அவர் எத்தனை பவுண்டு இருந்தார் என்று அந்த இரண்டு அமைப்புகளும் கேட்கவில்லை.